ஆயில் பம்பைக் கழற்றுவதற்கு முன்

சென்னையில் டூ ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு இலவச ஆலோசனை கட்டாயம் கிடைத்திருக்கும். "அந்த ஆயில் பம்பைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த இடத்தை மூட ஒரு டம்மி பிளேட் அடிச்சுட்டு, பெட்ரோல்லயே ஆயிலைக் கலந்து ஓட்டு தம்பி. நிம்மதியா இருக்கலாம்." பஞ்சர் கடையில் ஆரம்பித்து பெரிய வொர்க்‌ஷாப் வரைக்கும் இதையேதான் சொல்வார்கள். என்னிடம் இருப்பது ஆர்எக்ஸ் 100. சித்தப்பா ஓட்டிக்கொண்டிருந்தது, அவருக்கு முதுகுவலி வந்த பிறகு என் கைக்கு வந்தது. வேளச்சேரி, கிண்டி, அண்ணா சாலை என்று ஊருக்குள் ஓடும் வண்டி. அதில் இன்னும் பம்ப் இருக்கிறது, வேலையும் செய்கிறது. கழற்றுவதாக இல்லை.

இது வெறும் பிடிவாதம் இல்லை. நானும் என்னைச் சுற்றியிருக்கும் டூ ஸ்ட்ரோக் கிறுக்கர்களும் இதுவரை பார்த்த பிஸ்டன் ஜாம்களில் (ஆயில் போதாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொள்வது), பம்ப் உள்ளே தேய்ந்துபோனதால் வந்தது என்று எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டேங்க்கில் தண்ணீர், குழாயில் காற்று, தொய்ந்துபோன கேபிள், காய்ந்துபோன சீல், இவற்றில் ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும். கடைசியில் பழி மட்டும் பம்பின் மேல் விழும்.

தெரியாதவர்களுக்காக அது செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் கேஸுக்குள் ஆயில் தேங்கி நிற்காது. உள்ளே வரும் காற்றோடும் பெட்ரோலோடும் சேர்ந்து வரும் ஆயில்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயவு. பிறகு அது எரிந்து புகையாகப் போய்விடும். பழைய முறையில் அதை பெட்ரோலிலேயே கலந்துவிடுவோம். ஜாவா, எஸ்டி, பழைய சேடக், டிவிஎஸ் 50, நம்ம ஊர் என்ஃபீல்டு செய்த மினி புல்லட் எல்லாம் அந்த ரகம். பங்க்கில் பெட்ரோல் போடும்போதே "ஆயில் எவ்ளோ சார்?" என்று கேட்டு, பக்கத்திலிருக்கும் 2டி ஆயில் மெஷினை அமுக்கி ஊற்றுவார்களே, அதுதான். யமஹா 1964-ல் ஒய்ஏ-6 மாடலில் ஆட்டோலூப் என்று தனி பம்ப் வைத்தது. சுசுகி தன் பங்குக்கு சிசிஐ என்று ஒன்றைக் கொண்டுவந்து, ஆயிலை நேராக கிராங்க் பேரிங்குக்கே அனுப்பியது. இங்கே எண்பதுகளில் ராஜ்தூத் 350-ம், 1985-ல் ஆர்எக்ஸ் 100-ம் வந்தபோது ஆட்டோலூப்பும் கூடவே வந்தது.

பம்ப் இரண்டு விஷயங்களைப் பார்த்து ஆயில் கொடுக்கிறது. ஒன்று இன்ஜின் வேகம், ஏனென்றால் இன்ஜினின் பல்சக்கரம்தான் அதைச் சுற்றுகிறது. இன்னொன்று ஆக்ஸிலேட்டர். கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்று கார்புரேட்டருக்கும் மற்றொன்று பம்பின் சின்ன புல்லிக்கும் போகும். முறுக்க முறுக்க பம்பின் உள்ளே ஆயிலைத் தள்ளும் தண்டான பிளஞ்சர் அதிக தூரம் ஓடி, அதிக ஆயிலைத் தள்ளும். சிக்னலில் நின்று உறுமிக்கொண்டிருக்கும்போது மிகக் குறைவு. ஈசிஆரில் முழுசாக முறுக்கி ஓடும்போது நிறைய. பெட்ரோலில் கலந்தால் இந்த வித்தியாசம் கிடையாது. சிக்னலிலும் அதே விகிதம், நெடுஞ்சாலையிலும் அதே விகிதம். தி.நகர் நெரிசலில் கலவை வண்டிகள் அதிகம் புகைப்பதற்கும், பிளக் சீக்கிரம் கருப்பதற்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

"ரேஸ்காரங்களே பம்பைக் கழட்டித்தானே ஓட்டறாங்க" என்று ஒரு வாதம் வரும். உண்மைதான். சோழவரம் காலத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை வரை டூ ஸ்ட்ரோக்கில் பந்தயம் ஓடியவர்கள் கலவைதான் போட்டார்கள். ஆனால் அவர்கள் ஓட்டும் நேரமெல்லாம் முழு முறுக்கு. ஓடி முடித்ததும் இன்ஜினைப் பிரித்துப் பார்த்துவிடுவார்கள். பால் வாங்கப் போகிற வண்டிக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற வண்டிகள் எல்லாம் முங்கின. என் வண்டியில் சைடு பாக்ஸ் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். வடிந்த பிறகு எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன்: பிளக்கைக் கழற்றி கிக்கரை உதைத்துத் தண்ணீரை வெளியேற்றுவது, கார்புரேட்டர், ஏர் ஃபில்டர், பெட்ரோல், கியர் ஆயில் மாற்றுவது. பக்கத்துத் தெருவில் ஒரு பையனின் சுசுகி ஷோகன், இதெல்லாம் முடித்து ஸ்டார்ட்டும் ஆகி, சில நாள் நன்றாக ஓடிவிட்டு, பள்ளிக்கரணை தாண்டும்போது பிடித்துக்கொண்டது. இன்ஜின் சத்தம் மாறி, இறுகி, பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. நல்ல வேளையாக கிளட்சைப் பிடித்தான், விழவில்லை. மெக்கானிக் பார்த்துவிட்டு "பம்ப் போச்சு" என்றார்.

அதைக் கேட்டதும் என் வண்டியின் ஆயில் டேங்க்கைக் கழற்றி, அதிலிருந்ததை ஒரு பழைய ஊறுகாய்க் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஜன்னலோரம் வைத்தேன். மறுநாள் காலையில் பாட்டிலில் நான்கு அடுக்கு. மேலே சிவப்பாக 2டி ஆயில். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர், அதற்கும் கீழே மெல்லிய வண்டல். ஆயிலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் பழுப்பு நிறத்தில் ஒரு பசை, பாட்டிலைச் சாய்த்தால் அசையவே யோசிக்கிறது. ஆயில் தண்ணீரைவிட லேசானது, அதனால் தண்ணீர் அடியில் போய் உட்காரும். டேங்க்கிலிருந்து பம்புக்குப் போகும் வழியும் அடியில்தான் இருக்கிறது. அப்படியென்றால் பம்புக்கு முதலில் போவது தண்ணீர்தான், பிறகு அந்தப் பசை. மேலே கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஆயில் நிறைய இருப்பதாகத் தெரியும். அந்தப் பையனின் பம்பை பிறகு கழுவி மாட்டினார்கள். அதே பம்ப்தான் இன்றும் ஓடுகிறது. போரிங் போட்டு புதுப் பிஸ்டன் மாற்றிய செலவு மட்டும் மிச்சம்.

வெள்ளத்தில்தான் என்றில்லை. டேங்க் மூடியில் காற்று போக ஒரு துளை அல்லது குழாய் இருக்கும். வாட்டர் வாஷ் கடையில் பிரஷர் கன்னைக் காட்டினால் அதன் வழியாகவும் தண்ணீர் இறங்கலாம். அதற்குப் பயந்து சிலர் துளையை எம்-சீல் வைத்து அடைத்துவிடுகிறார்கள், அது இன்னும் மோசம். ஆயில் இறங்க இறங்க உள்ளே காற்று போக வழியில்லாமல் வெற்றிடமாகி, ஒரு கட்டத்தில் ஆயில் இறங்குவதே நின்றுவிடும். டேங்க் என்னவோ நிறைந்துதான் இருக்கும். வருடத்துக்கு ஒரு தடவை, மழைக்காலம் முடிந்து தை பிறந்ததும், டேங்க்கைக் கழற்றி மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றி அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, வெளியேறும் இடத்தில் இருக்கும் சல்லடையைத் துடைத்து மாட்டினால் போதும். அரை நாள் வேலை.

அடுத்தது குழாய்கள். டேங்க்கிலிருந்து பம்புக்கு ஒன்று, பம்பிலிருந்து இன்ஜினுக்கு மெல்லியதாக ஒன்று. நம்ம ஊர் வெயிலில் இன்ஜின் சூட்டோடு சேர்ந்து பிளாஸ்டிக் குழாய் மஞ்சளாகி, விறைத்து, நுனியில் சுருங்கிவிடும். பம்புக்குள் நுழையும் இடத்தில் பிடிப்பு தளர்ந்தால் ஆயில் வெளியே சொட்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். சொட்டினால் நல்லது, கண்ணுக்காவது தெரியும். பல நேரம் சொட்டாது. பம்ப் அந்த இடைவெளி வழியாகக் காற்றை உறிஞ்சும். டிரிப்ஸ் ஏற்றும்போது நர்ஸம்மா குழாயில் குமிழி வராமல் பார்ப்பார்களே, இங்கேயும் அதே கவலைதான். மெல்லிய குழாயில் நீளமாக ஒரு குமிழி நின்றால், அது கடக்கும் வரை இன்ஜினுக்கு ஆயில் இல்லை என்று அர்த்தம். ஆகவே குழாய் உள்ளே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். கறுப்புக் குழாய் போட்டுக்கொடுத்தால் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நுனியிலும் ஸ்பிரிங் கிளிப் கட்டாயம். நடுவில் பெட்ரோல் ஃபில்டரைச் சொருகும் பழக்கம் ஒன்று இருக்கிறது. காகிதம் வைத்த ஃபில்டர் பெட்ரோலுக்கு சரி. கெட்டியான ஆயில், அதுவும் மார்கழிக் காலையில், அதன் வழியாக ஒழுங்காக இறங்காது.

குழாயையோ டேங்க்கையோ தொட்டால் காற்றை வெளியேற்றியே ஆக வேண்டும். ஆட்டோலூப் பம்பின் உடம்பில் இதற்கென்றே ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கிறது. டேங்க்கில் ஆயில் நிறைத்து, கீழே ஒரு துணியை வைத்து, அதைக் கழற்றினால் முதலில் நுரையாக வரும். குமிழி நின்று தெளிவாக ஒழுகும் வரை பொறுத்திருந்து, அதன் வாஷரோடு திருப்பி மாட்ட வேண்டும். வாஷர் தொலைந்தால் அந்த இடமே காற்று உறிஞ்சும் இடமாகிவிடும். இது பம்புக்கு வரும் பக்கம் மட்டும். பம்பிலிருந்து போகும் மெல்லிய குழாய் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அதற்கு இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பம்பின் கேபிளை மட்டும் கையால் முழுசாக இழுத்துப் பிடித்துக்கொண்டால் ஆயில் மெதுவாக ஊர்ந்து நிறைவதைப் பார்க்கலாம். புகை மண்டும், பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உத்தமம். யமஹா ஆர்டி ரக பம்புகளில் கையால் சுற்ற ஒரு பிளாஸ்டிக் சக்கரமும் உண்டு. இன்ஜினே ஓடாமல் நிரப்பலாம்.

இந்த வேலை எதைச் செய்தாலும் அடுத்த டேங்க் பெட்ரோலில் லிட்டருக்கு 25 மி.லி. ஆயில் கலந்துதான் ஓட்டுவேன். பம்ப் வேலை செய்தால் கொஞ்சம் கூடுதலாகப் புகையும், அவ்வளவுதான். செய்யாவிட்டால் இன்ஜின் பிழைக்கும்.

இனி கேபிள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கார்புரேட்டர் கேபிளை டைட் செய்துவிட்டு பம்ப் கேபிளை அப்படியே விட்டுவிடுவார்கள். இரண்டும் ஒரே முறுக்கில் ஓடுபவை, ஒன்றைத் தொட்டால் மற்றதையும் பார்க்க வேண்டும். வரிசை முக்கியம்: முதலில் ஐடில், பிறகு கார்புரேட்டர் கேபிளின் தொய்வு, கடைசியில் பம்ப். பழைய யமஹாக்களில் பம்ப் மூடியைத் திறந்தால் புல்லியில் ஒரு குறியும் அதற்கு எதிரே ஒரு பின்னும் தெரியும். ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருப்பி, கேபிளின் தொய்வு மட்டும் போன நிலையில் இரண்டும் நேராக நிற்க வேண்டும் என்பது பொதுவான முறை. சுசுகியில் கார்புரேட்டர் ஸ்லைடின் நிலையை வைத்து பம்ப் லீவரின் குறியைச் சேர்ப்பார்கள். மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டின் பிடிஎஃப் ஒன்றைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். "காதால கேட்டே செட்டிங் வைப்பேன்" என்பவரிடம் கார்புரேட்டரைக் கொடுக்கலாம், பம்பைக் கொடுக்காதீர்கள். ஆயில் குறைவதற்குச் சத்தமே கிடையாது.

புல்லி சரியாக இருந்தும் ஐடிலில் ஆயில் குறைவாக வருகிறது என்று சந்தேகம் வந்தால் குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கை, அதாவது பிளஞ்சர் ஓடும் மிகக் குறைந்த தூரத்தை, அளக்கலாம். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது பம்பின் முன்னால் இருக்கும் தகடு மெதுவாக வெளியே வந்து உள்ளே போகும். அது முழுசாக வெளியே வந்த நேரத்தில் நிறுத்தி, தகடுக்கும் புல்லிக்கும் நடுவில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். பல யமஹா கையேடுகளில் இது 0.20 முதல் 0.25 மி.மீ. குறைவாக இருந்தால் தகடுக்குக் கீழே ஷிம் எனும் மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்ப்பது, கூடுதலாக இருந்தால் ஒன்றை எடுப்பது. நான் அளந்தபோது சரியாகவே இருந்தது. வயதான பம்ப் அப்படித்தான் இருக்கும், உள்ளே ஓடுவதே சுத்தமான ஆயிலில் அல்லவா.

ராத்திரி நிறுத்தி காலையில் உதைத்தால் தெருவே மறையும் அளவுக்குப் புகை வருகிறதா? மெல்லிய குழாய் முடியும் இடத்தில் ஒரு குண்டும் ஸ்பிரிங்கும் கொண்ட செக் வால்வு இருக்கிறது. வண்டி நிற்கும்போது டேங்க்கில் இருக்கும் ஆயில் தானாக இன்ஜினுக்குள் இறங்காமல் அதுதான் தடுக்கிறது. அதில் தூசி சிக்கினால் ராத்திரி முழுக்க ஆயில் கசிந்து கிராங்க் கேஸில் சேரும். பெட்ரோலில் ஊறவைத்து ஊதினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கம்பியை விட்டுக் குத்தினால் குண்டு உட்காரும் இடம் கீறிப்போகும், பிறகு புதுசுதான்.

இன்னொரு கேஸ் குழப்பமானது. ஆயில் வேகமாகக் குறைகிறது, ஆனால் புகை இல்லை, தரையில் சொட்டும் இல்லை. அப்படியானால் கியர் ஆயில் அளவைப் பாருங்கள். பம்பைச் சுற்றும் ஷாஃப்ட்டின் சீல் போய்விட்டால் 2டி ஆயில் கியர் பாக்ஸுக்குள் இறங்கி அங்கே அளவு ஏறும். இதற்கு நேர் எதிராக கியர் ஆயில் குறைந்து, புகை கூடினால் அது கிராங்க்கின் கிளட்ச் பக்க சீல். முதலாவது சின்னச் செலவு. இரண்டாவதற்கு கிளட்ச் பக்கத்தைப் பிரிக்க வேண்டும். ஒரே மாதிரி தோன்றினாலும் இரண்டும் வேறு வேறு, எது என்று தெரியாமல் வண்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

ஆயிலைப் பற்றி ரொம்ப சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலில் ஜாஸோ (ஜப்பானியத் தர அளவுகோல்) எஃப்சி அல்லது எஃப்டி என்று இருந்தால் போதும், தனி பம்புக்கு ஏற்றது என்றும் போட்டிருக்க வேண்டும். கலவைக்கு மட்டும் என்று வரும் ரேஸ் ஆயில் கெட்டி, குழாயில் இறங்கத் திணறும். படகு மோட்டாருக்கான டிசி-டபிள்யூ3 தண்ணீரால் குளிரும் இன்ஜினுக்கானது. காற்றில் குளிரும் நம் சிலிண்டரின் சூட்டுக்கு அது வேண்டாம். விளக்கெண்ணெய் அடிப்படையிலான ஆயில் மணக்கும், ஆசையாகவும் இருக்கும், ஆனால் மினரல் ஆயில் மிச்சமிருக்கும் டேங்க்கில் ஊற்றினால் ஒட்டாமல் பிரிந்துவிடும். லூஸில் விற்கும் ஆயில் பக்கமே போகாதீர்கள்.

கலவைக்காரர்களுக்கு இப்போது புதிதாக ஒரு தலைவலி சேர்ந்திருக்கிறது. பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊரில் மாசக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அளவு மீறிச் சேர்ந்தால், எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். கலந்திருக்கும் ஆயில் பெரும்பாலும் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். கார்புரேட்டருக்கு முதலில் போவது அடியில் இருப்பதுதான். தனி டேங்க்கில் இருக்கும் ஆயிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. பெட்ரோல் கெட்டால் வண்டி இருமும், நிற்கும். ஆயில் வருவது நிற்காது.

பம்ப் சரியாக ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ள நான் நம்புவது கணக்கை மட்டும்தான். ஆயில் டேங்க்கில் ஒரு குறி வரை நிரப்பிவிட்டு ஓட்டுவேன். எட்டு லிட்டர் பெட்ரோல் தீர்ந்த பிறகு, மருந்து அளக்கும் சிரிஞ்சால் அதே குறி வரை எவ்வளவு ஆயில் போகிறது என்று பார்ப்பேன். 40 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு ஆயில் என்றால் லிட்டருக்கு 25 மி.லி., எட்டுக்கு 200. ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் இதைவிடக் குறைவாகத்தான் வரும், நெடுஞ்சாலையில் ஏறும். லிட்டருக்கு 10 மி.லி.க்கும் கீழே இறங்கினால் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் காரணம் தேட வேண்டும். 50-ஐத் தொட்டால் கேபிள் அதிகமாக இழுபட்டிருக்கிறது, புகை சர்டிஃபிகேட் சோதனையிலும் வண்டி தேறாது.

ஏலகிரி, ஏற்காடு போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை மூடிவிட்டு இன்ஜின் பிரேக்கில் இறங்கினால், இன்ஜின் வேகமாகச் சுற்றும், பம்ப் குறைந்தபட்ச ஸ்ட்ரோக்கில்தான் கொடுக்கும். அவ்வப்போது கிளட்சைப் பிடித்து லேசாக ஒரு முறுக்கு கொடுங்கள். கலவை வண்டியில் இந்த ஆபத்து இன்னும் அதிகம், பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டியில் பம்பை ஏற்கெனவே கழற்றியிருந்தால் திருப்பி மாட்ட முடியும், கொஞ்சம் அலைய வேண்டும். பம்ப், அதைச் சுற்றும் பல்சக்கரம், இரண்டாகப் பிரியும் கேபிள் செட், செக் வால்வு, ஆயில் டேங்க், எல்லாம் வேண்டும். நண்பன் ஒருவனுக்காகப் புதுப்பேட்டையில், பழைய உதிரிபாகக் கடைகளில் தேடினோம். "ஒரிஜினலா பாய்?" என்று கேட்டதற்கு, "ஒரிஜினல்தான் சார், ஆனா எந்த வண்டியோட ஒரிஜினல்னுதான் தெரியாது" என்றார் கடைக்காரர். நேர்மையான பதில். ஆர்எக்ஸ் 100-க்கும் 135-க்கும் வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம், பழைய பம்ப் ஒன்று கையில் இருந்தால் கொண்டுபோய் எண்ணையும் புல்லியையும் ஒப்பிடுங்கள். கடையிலேயே உள்ளே போகும் வழியில் கொஞ்சம் ஆயில் விட்டு, ஷாஃப்ட்டைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். பல சுற்றுக்கு ஒரு தடவைதான் வெளியே ஒரு துளி தள்ளும், அவசரப்பட்டு வேலை செய்யவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். புல்லியை இழுத்துப் பிடித்தபடி சுற்றினால் துளி பெரிதாக வேண்டும். ஷாஃப்ட் பக்கம் கசிந்தால் சீல் மாற்றிக்கொள்ளலாம். விலை பேசும்போதே காற்று வெளியேற்றும் ஸ்க்ரூவும் அதன் வாஷரும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், தனியாகத் தேடினால் அந்த வாஷருக்காகவே இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.